டார்கெட் என்று எழுதாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

கணினிக் கேள்வி – பதில்

இந்த மாதம் மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் இன்னொரு மாறியின் இடத்தைச் சுட்டும் பாயிண்டரைப் பற்றியவையாகவே இருந்தன. எனவே இந்த இதழின் இடம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஃபோர்ட்ரான் தன் பெயர்களில் ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். ஆயினும் இங்கே நிரல் வரிகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களின் நீர் இருப்பைக் கணக்கிட என் ஆய்வேட்டுக்காக ஒரு நிரல் எழுதி வருகிறேன். 365 நாள்களின் நீர்மட்டம் ஓர் அணியில், அதாவது ஒரே பெயரில் வரிசையாக அடுக்கிய எண்களாக, இருக்கிறது. அதில் ஒரு மாதப் பகுதியை மட்டும் பாயிண்டர் வழியாகப் பார்க்கலாம் என்று ‘சு => மட்டம்(1:31)’ என எழுதினால், டார்கெட்டும் இல்லை, பாயிண்டரும் இல்லை என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் மறுக்கிறது. அணியின் அறிவிப்பில் டார்கெட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் பிழை மறைந்துவிட்டது. சி மொழியில் இப்படி யாரும் அனுமதி கேட்பதில்லையே. இதை எழுதாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?
— ஆராய்ச்சி மாணவர், மேலூர்

பதில்: நிலம் வாங்கப் போகிறவர் பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்க்கிறார். வில்லங்கம் எதுவும் பதிவாகவில்லை என்று தெரிந்தால், அந்த நிலத்தின்மேல் வேறு ஒருவருக்குப் பிடி இல்லை என்ற துணிவில் மேற்கொண்டு காரியத்தைப் பார்க்கிறார். டார்கெட் என்பது ஃபோர்ட்ரானில் அப்படிப்பட்ட ஒரு பதிவு. ‘இந்த மாறியை அதன் சொந்தப் பெயரால் மட்டுமல்லாமல், ஏதோ ஒரு பாயிண்டர் வழியாகவும் யாரேனும் தொடக்கூடும்’ என்று நீங்கள் கம்பைலருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறீர்கள். எழுதிக் கொடுக்காத மாறியின்மேல் எந்தப் பாயிண்டருக்கும் பிடி இல்லை என்று கம்பைலர் நம்புகிறது. அந்த நம்பிக்கையின்மேல்தான் வேகமான நிரலைக் கட்டுகிறது.

இதை மூன்று வரிகளில் பார்த்துவிடலாம். ‘எக்ஸ்’ என்று ஒரு ரியல் மாறியும், ‘சு’ என்று ஒரு ரியல் பாயிண்டரும் இருப்பதாகக் கொள்ளுங்கள். முதல் வரி ‘எக்ஸ் = 5.0’. இரண்டாம் வரி ‘சு = 7.0’. மூன்றாம் வரி எக்ஸை அச்சிடுகிறது. எக்ஸுக்கு டார்கெட் பண்பு இருந்தால், இரண்டாம் வரி எக்ஸின் மதிப்பை மாற்றியிருக்கக்கூடும் என்பதால், கம்பைலர் மூன்றாம் வரிக்கு வரும்போது நினைவகத்துக்குப் போய் எக்ஸை மறுபடி படித்தாக வேண்டும். அந்தப் பண்பு இல்லையென்றால் 5.0 என்பதைச் செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு இடமான ஒரு ரிஜிஸ்டரில் வைத்துக்கொண்டே மூன்றாம் வரியை முடித்துவிடலாம். ஒரு தடவை படிப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். அந்த வரி, கோடி முறை சுற்றும் ஒரு டூ சுழற்சியின் உள்ளே இருந்தால் நேரம் எங்கே போகிறது என்பது உங்கள் ஆய்வகத்துக் கணினி மூச்சு வாங்கும்போது தெரியும்.

1957-இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸின் குழு ஃபோர்ட்ரானை வெளியிட்டபோது, கையால் எழுதிய இயந்திர நிரலுக்கு ஈடான வேகம் கிடைக்காவிட்டால் இந்த மொழியை யாரும் சீந்த மாட்டார்கள் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. அந்த வேகப் பற்று மொழியின் குணமாகவே நிலைத்துவிட்டது. ஆகவே ஃபோர்ட்ரான் 90-இல் பாயிண்டரைக் கொண்டுவந்தவர்கள், ‘சுட்ட வருகிறவர் யாரையும் சுட்டலாம்’ என்று கதவைத் திறந்து விடாமல், சுட்டப்படுகிறவரின் சம்மதத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். சி மொழியில் நிலைமை தலைகீழ். அங்கே எந்த மாறியின் முகவரியையும் எடுக்கலாம். அதனால் எதற்கு எதன்மேல் பிடி இருக்கிறது என்று கம்பைலர் தானாகத் துப்பறிய வேண்டியிருக்கிறது. ‘இந்தப் பாயிண்டர் சுட்டுவதை வேறு வழியாகத் தொட மாட்டேன்’ என்று நிரலர் உறுதி கூறுவதற்கான ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற சொல், 1999-ஆம் ஆண்டுத் தரத்தில்தான் அந்த மொழிக்கு வந்து சேர்ந்தது. ஃபோர்ட்ரானில் பிடி இருந்தால் சொல்ல வேண்டும். சி-யில் பிடி இல்லையென்றால் சொல்ல வேண்டும். எனக்கு முதல் முறையே நாணயமானதாகப் படுகிறது. ஆனால் நான் ஐம்பது வயதைத் தாண்டிய ஃபோர்ட்ரான்காரன் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இனி விதிக்கு வருவோம். பாயிண்டர் ஒதுக்கீட்டின் வலப்பக்கம் வருவது டார்கெட் பண்புள்ள மாறியாகவோ, இன்னொரு பாயிண்டராகவோ, பாயிண்டரை விடையாகத் தரும் ஃபங்ஷனாகவோ இருக்க வேண்டும். வகை, கைண்ட் எனப்படும் துல்லிய அளவு, பரிமாண எண்ணிக்கை ஆகியவை பொதுவாக இரு பக்கமும் பொருந்த வேண்டும். இரட்டைத் துல்லிய மாறியை ஒற்றைத் துல்லியப் பாயிண்டரால் சுட்ட முடியாது. ஓர் அணிக்கு டார்கெட் கொடுத்துவிட்டால் அதன் உறுப்புகளுக்கும் பகுதிகளுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் ‘மட்டம்’ என்ற முழு அணிக்குச் சேர்த்த சொல், ஜனவரிப் பகுதிக்கும் போதுமானதாக இருந்தது இதனால்தான். கட்டமைப்பு வகை மாறிகளிலும் இதே கதை: வகையின் வரையறைக்குள்ளே உறுப்புக்கு டார்கெட் எழுத இடமில்லை, அந்த வகையில் ஒரு மாறியை அறிவிக்கும்போது எழுதினால், பாயிண்டர் அல்லாத உறுப்புகள் அனைத்துக்கும் அது இறங்கும். ஒரே மாறிக்குப் பாயிண்டர், டார்கெட் இரண்டையும் எழுத முடியாது. பெராமீட்டர் என்று அறிவித்த மாறிலிக்கும் டார்கெட் கிடையாது. இடம் ஒதுக்கும் ‘அலகேட்’ கட்டளையால் ஒரு பாயிண்டருக்கென்று பிறக்கும் இடத்துக்குப் பெயரே இல்லை. அதைத் தொடுவதற்குப் பாயிண்டர் தவிர வேறு வழியில்லாததால் அது பிறவியிலேயே டார்கெட்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் மாதக் கணக்கில் இது இடறும். ‘சு => மட்டம்’ என்று முழு அணியைச் சுட்டினால் அணியின் எல்லை எண்கள் அப்படியே வரும். ‘சு => மட்டம்(32:59)’ என்று பிப்ரவரிப் பகுதியைச் சுட்டினால், சுவின் முதல் உறுப்பு 1-ஆம் எண்ணிலிருந்து தொடங்கும், 32-இலிருந்து அல்ல. 32 என்ற எண்ணே வேண்டுமென்றால், ஃபோர்ட்ரான் 2003 முதல் ‘சு(32:) => மட்டம்(32:59)’ என்று எழுதலாம்.

கேள்வி: ‘சு = மட்டம்’ என்பதற்கும் ‘சு => மட்டம்’ என்பதற்கும் ஓர் அம்புக்குறிதான் வேறுபாடு. முதலாவதை எழுதினால் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் நிரலே செத்து விழுகிறது. ஏன்?
— பொறியியல் மாணவி, திருமங்கலம்

பதில்: பேருந்தின் நெற்றியில் ‘திருமங்கலம்’ பலகையை எடுத்துவிட்டு ‘மேலூர்’ பலகையை மாட்டுவது ஒரு வேலை, பேருந்துக்குள் ஆட்களை ஏற்றுவது வேறு வேலை. அம்புக்குறி பலகையை மாற்றுகிறது; சமக்குறி, அந்தப் பலகை காட்டும் இடத்துக்குள் சரக்கை இறக்குகிறது. சு ஏற்கெனவே ஓர் இடத்தைச் சுட்டிக்கொண்டிருந்தால் ‘சு = மட்டம்’ என்பது மதிப்புகளை அங்கே நகலெடுக்கும். அது எங்கும் சுட்டாமல் இருந்தால் இறக்குவதற்கு இடமே இல்லை. அந்த நேரத்தில்தான் நிரல் விழுகிறது. நிரல் ஓடும்போது அளவு முடிவாகும் அலகேட்டபிள் அணியாக இருந்தால், ஃபோர்ட்ரான் 2003 விதிப்படி சமக்குறி தேவையான அளவுக்குத் தானே இடம் ஒதுக்கிக்கொள்ளும். பாயிண்டருக்கு அந்தச் சலுகை இல்லை. ‘சு2 => சு1’ என்று எழுதும்போது சு2 சுட்டுவது சு1-ஐ அல்ல, சு1 அந்தக் கணத்தில் எதைச் சுட்டுகிறதோ அதை. பிறகு சு1 வேறு பக்கம் திரும்பினாலும் சு2 பழைய இடத்திலேயே நிற்கும்.

கேள்வி: ஐயா, என் நிரலில் ஒரு மாட்யூலுக்குள் (அறிவிப்புகளையும் துணை நிரல்களையும் சேர்த்து வைக்கும் தொகுப்பு) ‘சு’ என்ற பாயிண்டர் இருக்கிறது. அதே மாட்யூலில் உள்ள ‘பிடித்துவை’ என்ற சப்ரூட்டீன், அதாவது துணை நிரல், ஓர் அணியை வாங்கிக்கொண்டு ‘சு => அ’ என்று சுட்டிவிட்டுத் திரும்புகிறது. வாங்கும் அணிக்கு ‘ரியல், டார்கெட் :: அ(:)’ என்றுதான் அறிவித்திருக்கிறேன். கம்பைலர் ஓர் எச்சரிக்கைகூடத் தரவில்லை. சாதாரணமாகக் கம்பைல் செய்தால் விடை சரியாக வருகிறது. ஓ2 தெரிவுடன் வேகப்படுத்தினால் சு வழியாகப் படிக்கும் எண்கள் பழையனவாக இருக்கின்றன. கம்பைலரில் கோளாறா?
— கணிதத் துறை ஆசிரியர், திருப்பரங்குன்றம்

பதில்: கம்பைலரின்மேல் பழியைப் போடுவதற்கு முன், பிரதான நிரலில் அந்த அணியை எப்படி அறிவித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த நிரலில் ‘ரியல் :: மட்டம்(365)’ என்று மட்டுமே இருக்கிறது. குற்றவாளி அந்த வரி.

மேலூர் மாணவருக்குச் சொன்ன வில்லங்கக் கதையின் தொடர்ச்சிதான் இது. டார்கெட் இல்லாத மாறியை நேரடியாகச் சுட்ட முயன்றால் கம்பைலர் வாசலிலேயே தடுத்துவிடும். ஆனால் டார்கெட் இல்லாத மாறியை, டார்கெட் உள்ள டம்மி ஆர்க்யுமென்ட்டுக்கு (சப்ரூட்டீன் வாங்கிக்கொள்ளும் மாறிக்கு) அனுப்புவதை மொழி தடை செய்யவில்லை. சப்ரூட்டீன் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் ‘அ’ ஒரு டார்கெட்; அதைச் சு சுட்டுவதில் தவறேதும் இல்லை. கட்டுப்பாடு திரும்பி வரும் கணத்தில், அனுப்பப்பட்ட அசல் மாறிக்கு டார்கெட் பண்பு இல்லாத காரணத்தால், அந்த டம்மியைச் சுட்டிக்கொண்டிருந்த பாயிண்டர்கள் எல்லாம் வரையறையற்றவை ஆகிவிடுகின்றன. அதன் பிறகு சு வழியாக ஒரு மதிப்பைப் படிப்பதே விதிமீறல்.

அப்படியானால் ஓ2 இல்லாதபோது சரியான விடை எப்படி வந்தது? அது சரியான விடை அன்று. தற்செயலாகப் பொருந்திய விடை. கம்பைலர் நகல் எதுவும் எடுக்காமல் முகவரியையே அனுப்பியதால், சு இன்னும் அதே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓ2 வந்ததும் கம்பைலர் வில்லங்கச் சான்றைப் பார்த்தது. ‘மட்டம்’ அணிக்கு வில்லங்கம் ஏதும் இல்லை. ஆகவே அதன் உறுப்பை ரிஜிஸ்டரில் மாற்றிக்கொண்டு, நினைவகத்தில் எழுதுவதை ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. இடையில் நீங்கள் சு வழியாக நினைவகத்தைப் படித்தீர்கள். பழைய எண் வந்தது. கம்பைலர் நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் நம்பியிருக்கிறது.

பிரதான நிரலில் ‘ரியல், டார்கெட் :: மட்டம்(365)’ என்று மாற்றுங்கள். அனுப்புவதும் டார்கெட், வாங்குவதும் டார்கெட், வாங்குவது (:) என்று அறிவித்த அணி அல்லது தனி மாறி என்றால், உள்ளே ஏற்படுத்திய சுட்டு வெளியே வந்த பிறகும் அசல் மாறியின்மேல் நிலைத்திருக்கும் என்று தரம் உறுதி கூறுகிறது. ‘அ(என்)’ என்று அளவை எழுதும் பழைய பாணியில் டம்மியை அறிவித்து, ‘மட்டம்(1:365:7)’ போல விட்டுவிட்டு எடுத்த பகுதியை அனுப்பினால், கம்பைலர் அந்த உறுப்புகளைத் தற்காலிக இடம் ஒன்றில் அடுக்கி நகலை அனுப்பக்கூடும். சுட்டு அந்த நகலின்மேல் விழுந்தால் திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. அணியெண்களின் பட்டியலால் பொறுக்கி எடுத்த பகுதிக்கும், ‘அ + ஆ’ போன்ற கோவைக்கும், நகலையே வாங்கும் வேல்யூ பண்புள்ள டம்மிக்கும் இந்த உறுதி எந்த நிலையிலும் கிடையாது.

டம்மி ஆர்க்யுமென்ட்டுக்கு டார்கெட் அல்லது பாயிண்டர் பண்பு இருந்தால், அழைக்கும் இடத்துக்கு அந்தச் சப்ரூட்டீனின் முழு முகப்பும் (வாங்கும் மாறிகளின் வகை, பண்புகள் பற்றிய அறிவிப்பு) தெரிந்திருக்க வேண்டும் என்பதும் விதி. நீங்கள் மாட்யூலுக்குள் வைத்திருப்பதால் அது தானாக நிறைவேறிவிட்டது. ஃபோர்ட்ரான் 77 பழக்கத்தில் ஒவ்வொரு சப்ரூட்டீனையும் தனிக் கோப்பில் போட்டு இணைப்பவர்கள் இங்கே அடிபடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு உடன்பிறந்த தவறு ஒன்று உண்டு. சப்ரூட்டீனுக்குள்ளேயே ‘ரியல், டார்கெட் :: தற்காலிகம்(100)’ என்று அறிவித்து, வெளியே இருக்கும் பாயிண்டரை அதன்மேல் சுட்டிவிட்டுத் திரும்புவது. அழைப்புகளுக்கு இடையே மதிப்பைக் காக்கும் ‘சேவ்’ பண்பு இல்லாத உள்ளூர் மாறி, சப்ரூட்டீன் முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிடும்; நம் கையில் பழைய விலாசம் மட்டும் இருக்கும். அந்த விலாசத்துக்குப் போனால் யார் கதவைத் திறப்பார் என்று சொல்ல முடியாது. ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் எல்லா எச்சரிக்கைகளையும் கேட்கும் தெரிவைப் போட்டுக் கம்பைல் செய்தால், இலக்கைவிடப் பாயிண்டரின் ஆயுள் நீளமாக இருக்கும் இடங்களில் சிலவற்றை அது காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் அல்ல.

கேள்வி: பாயிண்டர், டார்கெட் என்றே எழுதுகிறீர்களே, சுட்டி, இலக்கு என்று எழுதினால் என்ன?
— தமிழாசிரியர், மதுரை

பதில்: தாராளமாக எழுதலாம், இலக்கு எனக்கும் பிடித்த சொல், மேலே ஓர் இடத்தில் என்னையறியாமல் எழுதியும் இருக்கிறேன். சுட்டி என்ற சொல்லில்தான் சிக்கல். கணினித் தமிழில் அதை மௌஸுக்கும் வழங்குகிறோம், இணையத் தொடுப்புக்கும் வழங்குகிறோம். வீட்டில் அது குறும்புக்காரக் குழந்தையைக் குறிக்கும். இலக்கண வகுப்பில் நீங்கள் நடத்தும் சுட்டெழுத்து இந்தப் பொருளுக்கு நெருங்கி வருகிறது: ‘அ’ என்பது தனியே நின்று எந்தப் பொருளையும் தருவதில்லை, ‘அக்குளம்’ என்னும்போது குளத்தைக் காட்டுகிறது. ‘சுட்டு’ என்று வைத்துக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கம்பைலர் தரும் பிழைச் செய்தியில் வாசகர் பார்க்கப்போவது பாயிண்டர் என்ற சொல்லை. அதனால் இந்தப் பகுதியில் அப்படியே விடுகிறேன்.

கேள்வி: ஐயா, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாயிண்டருக்கு இடம் ஒதுக்கிக் கணக்குப் போடும் என் நிரல், ஓடஓட நினைவகத்தைத் தின்றுகொண்டே போய்க் கடைசியில் மடிக்கணினியை உறைய வைத்துவிடுகிறது. இடத்தை விடுவிக்கும் டீஅலகேட் சேர்த்தால் வேறோர் இடத்தில் பிழை வருகிறது.
— மென்பொருள் பயிற்சியாளர், வாடிப்பட்டி

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் அணியில் பத்து லட்சம் எண்கள். ஒவ்வொன்றும் 8 பைட் என்றால் ஒரு நாளுக்கு 80 லட்சம் பைட். ஏற்கெனவே ஓரிடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும் பாயிண்டரை மறுபடி அலகேட் செய்தால் ஃபோர்ட்ரான் முறையிடாது. புது இடத்தைக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்தை அநாதையாக விட்டுவிடும். அதைச் சுட்ட வேறு ஆள் இல்லாததால், திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. 365 நாள் முடியும்போது 292 கோடி பைட் சேர்ந்திருக்கும். அலகேட்டபிள் அணியாக இருந்திருந்தால் இரண்டாம் நாளே ‘ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது’ என்று நிரல் நின்று, உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

டீஅலகேட் பிழைக்கு வருகிறேன். பாயிண்டர் வழியாக விடுவிக்க வேண்டுமென்றால், அது பாயிண்டருக்கென்று அலகேட் செய்து பெற்ற இடமாக இருக்க வேண்டும், அந்தப் பாயிண்டர் அதன் முழுமையையும் சுட்ட வேண்டும். உங்கள் நிரலில் ‘சு2 => சு1(1:500)’ என்று சுட்டிவிட்டு டீஅலகேட்டைச் சு2-க்குக் கொடுத்திருக்கிறீர்கள்; அது பகுதி, முழுமை அன்று. அதேபோல, ‘அலகேட்டபிள், டார்கெட்’ என்று அறிவித்த அணியைப் பாயிண்டரால் சுட்டலாம், ஆனால் அந்தப் பாயிண்டரைக் கொண்டு அதை விடுவிக்கக் கூடாது. அந்த உரிமை அணியின் சொந்தப் பெயருக்கே உண்டு. மேலும் சு1-ஐ விடுவித்தால் சு1 மட்டும்தான் ஒழுங்காக ‘எதையும் சுட்டவில்லை’ என்ற நிலைக்குப் போகும். அதே இடத்தைச் சுட்டிய சு2-க்குச் செய்தி போகாது. அதை நீங்களே ‘நலிஃபை’ செய்து, எதையும் சுட்டாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: எதையாவது சுட்டுகிறதா என்று கேட்கும் அசோசியேட்டட் என்ற வினாவைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பாயிண்டரைப் பயன்படுத்தினால் போதும் அல்லவா?
— கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: பாயிண்டருக்கு மூன்று நிலைகள் உண்டு: சுட்டுகிறது, சுட்டவில்லை, இன்னதென்று வரையறுக்கப்படவில்லை. அசோசியேட்டட் முதல் இரண்டைத்தான் பிரித்துச் சொல்லும். மூன்றாம் நிலையில் இருக்கும் பாயிண்டரைப் பற்றி அந்த வினாவைக் கேட்பதே விதிக்குப் புறம்பு. கேட்டால் ஆம் என்றும் வரலாம், இல்லை என்றும் வரலாம். அறிவித்துவிட்டு எதுவும் செய்யாத பாயிண்டர் அந்த மூன்றாம் நிலையில்தான் பிறக்கிறது.

இதற்குப் பரிகாரமாக ஃபோர்ட்ரான் 95 முதல் ‘ரியல், பாயிண்டர் :: சு(:) => நல்()’ என்று அறிவிப்பிலேயே எழுதும் வசதி வந்தது. அந்த வசதியில் நானே விழுந்து எழுந்திருக்கிறேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், மதுரையில் ஒரு கல்லூரிக் கணினிக் கூடத்தில், மாதச் சராசரி மழையளவைக் கணக்கிடும் ஒரு சப்ரூட்டீனில் மேற்கண்ட வரியை எழுதி, அடுத்து ‘சு எதையும் சுட்டவில்லை என்றால் அந்த மாதத்து நாள்களுக்கு இடம் ஒதுக்கு’ என்று எழுதியிருந்தேன். ஜனவரிக்குச் சரியாக வந்தது. பிப்ரவரிச் சராசரி கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போகவில்லை. மூன்று நாள் தேடினேன். நடுவில் மின்வெட்டு வேறு. அறிவிப்பு வரியில் தொடக்க மதிப்பு கொடுத்தால், அந்த மாறிக்குச் சேவ் பண்பு தானாக ஒட்டிக்கொள்ளும். தொடக்க மதிப்பு முதல் அழைப்புக்கு மட்டுமே. இரண்டாம் அழைப்பில் சு வெறுமையாக இல்லை, ஜனவரியின் 31 இடங்களையே சுட்டிக்கொண்டிருந்தது. அதில் 28 இடங்களைப் பிப்ரவரி நிரப்பியது. கடைசி மூன்று இடங்களில் இருந்த ஜனவரி மழையும் கூட்டுத்தொகையில் சேர்ந்து, 28-ஆல் வகுபட்டது. சப்ரூட்டீனுக்குள் அறிவிப்பில் நல்() எழுதாதீர்கள். முதல் செயல் வரியாக ‘நலிஃபை(சு)’ எழுதுங்கள். வேலை முடிந்ததும் இடத்தை விடுவிக்கவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் வாடிப்பட்டிக்காரர் கதைதான்.

கேள்வி: மறுபடியும் நான்தான் ஐயா. தங்கள் முதல் பதிலை அஞ்சலில் பெற்றபின் எழுகிற ஐயம்: இவ்வளவு விதிகள் இருக்கும்போது பாயிண்டரை எதற்குத்தான் பயன்படுத்துவது?
— ஆராய்ச்சி மாணவர், மேலூர்

பதில்: அளவு முன்கூட்டித் தெரியாத அணிக்கு இடம் ஒதுக்குவதற்காக மட்டும் பாயிண்டரை எடுத்திருந்தால், அதைக் கீழே வைத்துவிட்டு அலகேட்டபிளை எடுங்கள். சப்ரூட்டீன் முடிந்ததும் சேவ் இல்லாத அலகேட்டபிள் அணி தானாக விடுபடும்; நினைவகக் கசிவு இல்லை; டார்கெட் எழுதாத வரையில் கம்பைலருக்கு வில்லங்க ஐயமும் இல்லை. ஃபோர்ட்ரான் 90-இல் கட்டமைப்பு வகையின் உறுப்பாக அலகேட்டபிளை வைக்க முடியாதிருந்ததால் அந்நாளில் பலர் வேறு வழியின்றிப் பாயிண்டரை வைத்தார்கள். ஃபோர்ட்ரான் 2003-இல் அந்தத் தடை நீங்கிவிட்டது, பழைய நிரல்களைப் பார்த்து எழுதும் பழக்கம் மட்டும் நீங்கவில்லை.

உங்கள் ஆய்விலேயே பாயிண்டருக்குப் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது. மேலே உள்ள கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. அது நிறைந்தால் அதற்குக் கீழே உள்ளதற்கு. எந்தக் கண்மாயின் மறுகால் எங்கே போகிறது என்பது அணியின் வரிசையைப் பொறுத்ததன்று, நிலத்தின் சரிவைப் பொறுத்தது. இரண்டு கண்மாய்களின் மறுகால் ஒரே கண்மாயில் சேர்வதும் உண்டு. ‘கண்மாய்’ என்று ஒரு வகையை வரையறுத்து, அதில் கொள்ளளவு, நீர் இருப்பு ஆகியவற்றோடு ‘டைப்(கண்மாய்), பாயிண்டர் :: கீழது => நல்()’ என்று ஓர் உறுப்பை வையுங்கள். வகையின் உள்ளே உறுப்புக்கு எழுதும் இந்த நல்(), உசிலம்பட்டி மாணவருக்குச் சொன்ன சேவ் தொல்லையைக் கொண்டுவராது. ஒவ்வொரு கண்மாயும் பிறக்கும்போதே ‘கீழே யாரும் இல்லை’ என்ற தெளிவான நிலையில் பிறக்கும். கடைசிக் கண்மாய் அப்படியே நிற்கும், அதன் மறுகால் ஆற்றுக்குப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு ‘டைப்(கண்மாய்), அலகேட்டபிள், டார்கெட் :: க(:)’ என்று அணியை அறிவித்து, ‘க(3)%கீழது => க(7)’ என்று மறுகாலை இணைக்கலாம்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. கோப்பைப் படித்துக்கொண்டே போகும்போது இன்னும் இரண்டு கண்மாய்கள் வந்துவிட்டன என்று அணியைப் பெரிதாக்கினால், அணி வேறிடத்துக்குக் குடிபெயரும். அதுவரை இணைத்த மறுகால்கள் அத்தனையும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். ஒதுக்கிய இடத்தை ஓர் அணியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றும் மூவ்_அலக்கைக் கையாண்டாலும் பெரிதாக்கிய அணியில் மதிப்புகளை நீங்கள் நகலெடுத்துத்தான் வைக்கிறீர்கள். உள்ளே இருக்கும் கீழது என்ற சுட்டுகள் பழைய அணியைச் சுட்டியபடியேதான் நகலாகும். ஆகவே கோப்பை முதலில் ஒரு முறை முழுவதும் படித்துக் கண்மாய்களை எண்ணிக்கொள்ளுங்கள், அந்த எண்ணிக்கைக்கு ஒரே தடவை இடம் ஒதுக்குங்கள், அதற்குப் பிறகு இரண்டாம் முறை படிக்கும்போது மறுகால்களை இணையுங்கள்.

நானாக இருந்தால் கீழது என்பதைப் பாயிண்டராக வைக்காமல், கீழ்க் கண்மாயின் அணியெண்ணை வைத்துக்கொள்ளும் ஓர் இன்டிஜராகவே வைத்து, கீழே யாரும் இல்லாததற்கு 0 என்று எழுதிவிடுவேன். அணி எங்கே குடிபெயர்ந்தாலும் 7 என்பது 7-ஆகவே இருக்கும், கோப்பில் எழுதி வைத்து மறுநாள் படிக்கவும் செய்யலாம். உங்கள் வழிகாட்டி பாயிண்டர்தான் வேண்டும் என்று நின்றால், டார்கெட்டை மறக்காமல் எழுதிவிட்டு முதல் வழியில் போங்கள்.